மெட்ரோ வரட்டும்; அதற்கு முன்னால் ஏழரை மணி பஸ் வரட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. டூட்டி முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பக்கத்து பஸ் வசதி பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குக் கீழே பழைய மாணவர் ஒருவர், “டீச்சர், சுங்குவார்சத்திரம் வரைக்கும் மெட்ரோவே வரப்போகுது. நீங்க இன்னும் டவுன் பஸ்லயே நிக்கிறீங்களே” என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை. அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

மெட்ரோ வருவதில் எனக்கும் சந்தோஷம்தான். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை திட்டம். அதில் முதல் கட்டமாகச் சுங்குவார்சத்திரம் வரை 27.9 கிலோமீட்டருக்கு 2025-ல் மாநில அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. மதிப்பீடு 8,779 கோடி ரூபாய். அதன் பிறகு டில்லி ஒப்புதல், நிலம், கடன், கட்டுமானம் என்று வரிசையாக இருக்கிறது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ரயில் பாதை என்று எத்தனை பட்ஜெட்டில் கேட்டிருக்கிறோம்! ராமானுஜர் பிறந்த ஊருக்கு இன்றைக்கு வரை ஒரு ரயில் நிலையம் கிடையாது. சரி, மெட்ரோ சொன்ன தேதிக்கே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எழிச்சூர், மதுரமங்கலம், தென்னேரி மாதிரி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர்க்காரர் அந்த ஸ்டேஷனுக்கு எதில் வந்து சேருவார்? நான் பேசுவது அந்தச் சில கிலோமீட்டரைப் பற்றி மட்டும்தான்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தபோது உங்களில் பலர் டவுசர் போட்ட பிள்ளைகள். 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடிவிட்டுப் போனது. ஒரகடத்தில் 2010-ல் ரெனால்ட்–நிஸான், பிறகு டெய்ம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், ஃபாக்ஸ்கான். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை சுமார் 25 கிலோமீட்டர் சாலை ஆறு வழியாக அகலமானது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் விரிந்தது. ஒரகடம் கூட்டு ரோடு என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த இடத்துக்கு மேம்பாலம் வந்தது. இதில் எதையும் நான் குறைசொல்லவில்லை. என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் இன்று அந்தக் கம்பெனிகளில் சூப்பர்வைசர். அவர்கள் கட்டிய வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தவள் நான்.

ஆனால் அந்தச் சாலைகளைப் போட்டது யாருக்காக என்று யோசியுங்கள். கார் ஏற்றிய டிரெய்லர் துறைமுகத்துக்குப் போக, கன்டெய்னர் உள்ளே வர, ஷிஃப்ட் பஸ் வேகமாகப் போக. அந்த வேலையை அவை நன்றாகவே செய்கின்றன. குறுக்கே நடக்கிறவருக்கு அந்தச் சாலை ஒரு மதில். முன்பெல்லாம் ஆடு மாடு ஓட்டிக்கொண்டு போன இடத்தில் இப்போது நடுத் தடுப்பு. எதிர்ப்பக்க நிழற்குடைக்குப் போக ஒரு பாட்டி தடுப்பைத் தாண்டுவாள், அல்லது அரை கிலோமீட்டர் நடந்து திருப்பத்துக்குப் போவாள். சர்வீஸ் ரோடு இருக்கிற இடத்திலும் லாரிகள் வரிசையாக நின்று தூங்குகின்றன. பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுக்கிற இலவச சைக்கிளை அந்தச் சாலையில் ஓட்டிக்கொண்டு போ என்று எந்த அப்பா பெண்ணை அனுப்புவார்? பல வீட்டில் அந்த சைக்கிள் தண்ணீர்க் குடம் கட்டவும் தம்பி ஓட்டிப் பழகவும்தான் பயன்பட்டது.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே பஸ் நிலவரம் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் ஒரு ட்ரிப் கட் ஆனால் குறிப்பிட்ட இரண்டு ஊர்ப் பிள்ளைகள் மொத்தமாக ஆப்சென்ட். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால், “டீச்சர், பஸ் போயிடும்” என்று பாதியில் எழுந்து போகிறவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். கணக்கில் கடைசிப் பாடம் எப்போதும் அவர்களுக்குப் பாதிதான். பொதுத்தேர்வில் அதிலிருந்து கேள்வி வந்தபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்பதை மார்க் தீர்மானிக்கிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பஸ் தீர்மானித்ததை நான் பார்த்திருக்கிறேன். பயாலஜி குரூப் இருக்கிற பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், நேரம் ஒத்துவராது. அதனால் கிட்டத்தில் என்ன குரூப் இருக்கிறதோ அதில் சேர்ந்தவர்கள் உண்டு. அறிவியலில் நன்றாக மார்க் எடுத்த பெண். பெயர் வேண்டாம், இதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

அப்படிப்பட்ட பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆனதும் என்ன நடக்கிறது? அதுவரை எட்டிப் பார்க்காத பஸ் காலை ஐந்து மணிக்கு அவள் தெருமுனைக்கே வந்து நிற்கிறது. கம்பெனி பஸ். ஒரு நாள் தவறாது. மழை பெய்தாலும் வரும், ஏரிக்கரை வழியாகவும் வரும். தொழிற்சாலை வேலையைத் தாழ்த்திச் சொல்லவில்லை கண்ணுகளா. அந்தச் சம்பளத்தில் தங்கையைப் படிக்கவைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஓர் ஊரிலிருந்து நேரம் தவறாமல் கிளம்புகிற வண்டி ஒன்றே ஒன்றுதான், அது ஒரு கேட்டுக்கு மட்டும்தான் போகும் என்றால், அந்தப் பெண் தானாகத் தேர்ந்தெடுத்தாள் என்று எப்படிச் சொல்வது? நர்சிங் படிக்கக் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ போக அதே தெருமுனையில் அதே நேரத்தில் ஒரு பஸ் நின்றிருந்தால், அவள் எதில் ஏறியிருப்பாள் என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஆக, நம் பக்கத்தில் வண்டிக்குப் பஞ்சம் கிடையாது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரகடத்தில் நின்று பாருங்கள், வெள்ளை பஸ்ஸும் வேனும் கண் கொள்ளாது. பாதி வண்டி ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். நிறுத்தத்தில் மாத்திரை வாங்கப் போகிற முதியவர் கையை நீட்டுவார், நிற்காது. டிரைவர் மேல் கோபப்படாதீர்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அவை ஒப்பந்த வண்டிகள். வழியில் ஆள் ஏற்றி இறக்கித் தனித்தனியாகக் காசு வாங்கக் கூடாது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் டிக்கெட் கொடுக்கும் வண்டிக்கு வேறு பர்மிட். இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டு போய் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸிலும் சிக்கல், வேலையும் போகும். கம்பெனி பஸ்ஸில் லிஃப்ட் கேட்பது இதற்கு வழியாகாது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அதுதான் விடியல் பயணம். நான் மனதாரப் பாராட்டும் திட்டம். என் அண்ணி, மாசம் மிச்சமாகிற பஸ் காசில் சீட்டு கட்டுகிறாள். (அதை ‘ஓசி’ என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நம் வரிப்பணத்தில் போட்ட ஆறு வழிச் சாலையில் கார் ஓட்டுகிறவரை யாரும் ஓசி என்று சொல்வதில்லையே.) ஆனால் அந்தச் சலுகை பஸ் வருகிற ஊருக்குத்தான். ஒரு நாளைக்கு இரண்டு நடை வந்துபோகும் ஊரில், பத்து மணிக்கு வேலை இருக்கிறவள் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துத்தான் போகிறாள்.

மருந்து விஷயமும் அப்படியே. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரிய உதவி. ஆனால் ஸ்கேன் எடுக்க, கண் புரைக்குக் காட்ட, டயாலிசிஸ் செய்ய நாம்தான் போக வேண்டும். எங்கள் மாமாவைச் செங்கல்பட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிற நாளில் ஆட்டோவுக்கே ஒரு நாள் கூலி போகிறது.

மினி பஸ் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். 1997-ல் கலைஞர் ஆட்சியில் வந்தது அது. பல ஊர்களுக்கு முதன்முதலில் டயர் தடம் பதித்தது அந்த வண்டிதான். போகப்போக லாபமில்லாத வழியை விட்டுவிட்டு மெயின் ரோட்டிலேயே ஓடப் பார்த்தார்கள், பல வண்டி நின்றும் போனது. இப்போது புதிய திட்டம், 2025 ஜூன் மாதம் தஞ்சாவூரில் தொடங்கிவைத்தார்கள். ஒரு வழித்தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர், அதில் 65 சதவீதமாவது இதுவரை பஸ் போகாத பகுதியாக இருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் ஓட்டுகிறவர் தனியார். இரவு எட்டு மணி நடையில் நாலு பேர்தான் ஏறுவார்கள் என்றால் அவர் எத்தனை நாள் ஓட்டுவார்? பெண்களுக்கு அதில் டிக்கெட்டும் உண்டு. அவரைக் குறைசொல்ல முடியாது, டீசல் அவர் கைக்காசு. நம் பக்கத்தில் மினி பஸ் கட்டாயம் வரட்டும். அதை மட்டும் நம்பி உட்கார முடியாது என்றுதான் சொல்கிறேன்.

அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளாவில் 2022 ஜூலையில் ‘கிராமவண்டி’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்துக் கொல்லயில் ஊராட்சியில்தான் முதல் பஸ். ஏற்பாடு சுலபமானது. பஸ், டிரைவர், கண்டக்டர், பராமரிப்பு எல்லாம் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. டீசல் செலவு ஊராட்சியின் பொறுப்பு. அதற்குப் பதிலாக, எந்த வழியில் எந்த நேரத்துக்கு ஓட வேண்டும் என்று ஊராட்சி சொல்லும். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான். பள்ளி எத்தனை மணிக்கு, ஆஸ்பத்திரி ஓ.பி. எத்தனை மணிக்கு என்று ஊராருக்குத் தெரியும். டெப்போவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை.

கணக்கு டீச்சர் ஆயிற்றே, டீசலுக்கு எவ்வளவு ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். உள் கிராமங்களைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர் வர ஒரு பக்கம் 10 கிலோமீட்டர், போய்வர 20. ஒரு நாளைக்கு ஐந்து நடை என்றால் 100 கிலோமீட்டர். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்தால் 20 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் ஒரு நாளைக்கு 1,840 ரூபாய். வருஷம் 365 நாளும் ஓடினால் 6,71,600 ரூபாய். மூன்று ஊராட்சிகள் சேர்ந்தால் ஆளுக்கு வருஷத்துக்கு இரண்டே கால் லட்சத்துக்கும் குறைவு. இது என் உத்தேசக் கணக்குதான், கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் எல்லையில் தொழிற்சாலைகள் இருக்கிற ஊராட்சிகளுக்கு இது எட்டாத தொகையா? அதே ஊராட்சியில் நுழைவாயில் வளைவு கட்ட எவ்வளவு ஆனது என்று விசாரித்துப் பாருங்கள்.

வசதியில்லாத ஊராட்சிகளும் உண்டு. சிப்காட்டை ஒட்டி இருக்கும், ஆனால் கம்பெனி எல்லைக்கு அந்தப் பக்கம். லாரிப் புழுதி இவர்களுக்கு, வரி பக்கத்து ஊருக்கு. அங்கே கம்பெனிகள் கை கொடுக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற வளர்ச்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. பள்ளிக்கு பெஞ்சு, வர்ணம், கணினி கொடுத்திருக்கிறார்கள், நானே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறேன், நன்றி. ஆனால் அந்தக் கணினிக்கு முன்னால் பிள்ளை வந்து உட்கார பஸ் வேண்டும்.

கம்பெனியிடம் பஸ்ஸுக்குப் பணம் கேட்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ரெனால்ட் பிறந்த பிரான்சில் இது சட்டம். 1971-ல் பாரிஸ் வட்டாரத்தில் தொடங்கினார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆள் வைத்திருக்கிற நிறுவனம், இன்றைய கணக்கில் 11 பேர், சம்பளத் தொகையில் ஒரு சிறு பங்கைப் பொதுப் போக்குவரத்துக்குக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் ஓடும் பஸ்ஸில் தொழிலாளியும் ஏறலாம், அவர் மாமியாரும் ஏறலாம். இங்கே ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக பஸ் வைத்து, ஒரே சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுகிறது. அதில் ஒரு பங்கைப் பொது பஸ்ஸுக்குத் திருப்பினால் கம்பெனிக்கும் மிச்சம் என்பது என் அபிப்பிராயம். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்க 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் ஹாஸ்டல் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். தொலைதூரத்துப் பெண்களுக்குப் பாதுகாப்பான இடம், தேவையான காரியம். தொழிலாளி வேலைக்கு வர அரசும் கம்பெனியும் அவ்வளவு தூரம் யோசிக்க முடிகிறது. அந்தச் சுவருக்கு வெளியே இருக்கிற ஊருக்கு ஐந்து நடை பஸ் யோசிக்க முடியாதா?

“இப்போ யார் டீச்சர் பஸ்ல போறாங்க? வீட்டுக்கு வீடு வண்டி இருக்கு” என்று கட்டாயம் யாராவது எழுதுவீர்கள், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு ஒரு வண்டி இருக்கலாம். காலையில் அதை எடுத்துக்கொண்டு போகிறவர் யார்? வீட்டு ஆண். மீதி நாலு பேர் நடைதான். அந்த ஆணும் பத்து மணி ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு டிரெய்லர்களுக்கு நடுவே வருகிறார். என் மாணவர்களின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் போயிருக்கிறேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

இனி உங்களிடம் கேட்பது. உங்களில் வார்டு உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். கம்பெனிகளில் மனிதவளப் பிரிவில், போக்குவரத்துப் பிரிவில் இருக்கிறீர்கள். ஒருவர் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர், அவர் சொல்லித்தான் ட்ரிப் எப்படிக் கட் ஆகிறது என்பதே எனக்குப் புரிந்தது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அடுத்து எது வருகிறதோ அதில், டீசல் செலவை ஊராட்சி ஏற்க அனுமதி கேட்டு ஒரு தீர்மானம் போடுங்கள். இதற்கு அரசாணை வேண்டும், ஊராட்சி நினைத்தால் மட்டும் நடக்காது என்பது தெரியும். ஆனால் பத்து ஊராட்சித் தீர்மானங்களோடு கலெக்டரிடம் போவதும், நான் ஒருத்தி மனு எழுதிக்கொண்டு போவதும் ஒன்றல்ல. நான் கொடுத்த மனுக்களுக்கு வந்த பதில் எல்லாம் ‘பரிசீலனையில் உள்ளது’. ஃபைலில் மூன்று இருக்கிறது.

தீர்மானத்தில் நேரத்தையும் எழுதுங்கள். ‘போதிய பஸ் வசதி’ என்று பொதுவாக எழுதினால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். காலை 7.30, 9.15, மதியம் 1, சாயங்காலம் 5.30, இரவு 8.30. இதுதான் நான் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கேட்டு வைத்திருக்கிற பட்டியல். உங்கள் ஊருக்கு வேறாக இருந்தால் கீழே எழுதுங்கள், ஊர் பெயரோடு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து. தீர்மான வாசகத்தைக் கையால் எழுதி வைத்திருக்கிறேன், யாராவது டைப் செய்து கொடுத்தால் எல்லாருக்கும் அனுப்பலாம். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன். வருகிறவர்கள் பதினொன்றுக்கு முன்னால் வந்துவிடுங்கள், எங்கள் ஊர் பஸ் அதற்குப் பிறகு மூன்று மணிக்குத்தான்.